ரக்கேரா கேட்டது ஒரே ஒரு முறை

ரக்கேரா உப்புக் கேட்க மாட்டாள். உப்புக் குடுவை மேசையின் அந்தக் கோடியில் இருந்தால், பேச்சை நிறுத்தாமலே எழுந்து நாலு நாற்காலியைச் சுற்றிப் போய் அதை எடுத்துக்கொண்டு, மறுபடி சுற்றி வந்து உட்காருவாள். குடுவை யாருடைய முழங்கைக்குப் பக்கத்திலாவதுதான் இருக்கும். இப்படித் தள்ளு என்றால் தள்ளிவிடுவார்கள். அவள் சொல்ல மாட்டாள்.

மகள் அரோய்ட்டா இதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வந்தாள். பிரிஸ்பேனுக்குத் தெற்கே அவர்கள் குடியிருந்த பகுதியில் ஒரு பெரிய கடை உண்டு. அதில் ஒரு ஊசி எங்கே இருக்கிறது என்று கடைப்பையனிடம் கேட்காமல் ரக்கேரா முக்கால் மணி நேரம் தேடுவாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தாள். அந்த ஆறு வாரமும் பல்லால் கடித்து இழுத்துத்தான் செருப்பு வாரைப் பூட்டினாள். பக்கத்து வீட்டு ரூத்தா, அவளும் இவர்களைப் போலத் தீவுக்காரிதான், விடமாட்டாள்.

"வாயைத் திறந்து கேட்டா பல்லு கொட்டிருமா உனக்கு?"

"கொட்டுச்சுன்னா வேற பல்லு யார்கிட்டப் போய் கேக்குறது?" என்பாள் ரக்கேரா. எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். உப்பை மட்டும் தானே போய் எடுப்பாள்.

பசிபிக் கடலில் அவர்கள் பிறந்த கிரிபாஸ் தீவுகளில் யாரும் இப்படி இருப்பதில்லை. நெருப்பு, தூண்டில் முள், சவரக்கத்தி என்று நாள் முழுக்க ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். அதற்கு மேல் ஒரு கேட்பு இருக்கிறது. சொந்தக்காரர் முன்னால் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "உன்கிட்ட கேக்குறேன்" என்று தொடங்கினால் அது அந்தக் கேட்பு. படகானாலும் சரி, பன்றியானாலும் சரி, பிள்ளையானாலும் சரி, அதற்கு இல்லை என்ற பதில் கிடையாது. இல்லை என்றவர் ஊர்க்கூடத்தில் தலை நிமிர்ந்து உட்கார முடியாது. கேட்டு வாங்கியவருக்கும் ஒரு கட்டு உண்டு. கொடுத்தவர் என்றைக்காவது ஒருநாள் அதே போல் எதிரே வந்து உட்காருவார். அன்றைக்கு இவர் வாயிலும் இல்லை என்ற சொல் வரக்கூடாது.

ரக்கேரா தன் வாழ்நாளில் அப்படிக் கேட்டது ஒரே ஒரு முறை. அப்போது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. கணவன் இயோதெபா பதினோரு வருடம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டு இறங்கி, இறைச்சி ஆலையில் மாட்டுத் தொடை வெட்டிக்கொண்டிருந்தான். மூன்று கரு தங்கவில்லை. நாலாவது ஏழு மாதம் வரை இருந்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில் அபையாங் தீவிலிருந்து தங்கை தெபோராவின் கடிதம் வந்தது. ஐந்தாவது பிள்ளை வரப்போகிறது, இங்கே பாய் விரிக்க இடமில்லை, ஒன்றை நீ தூக்கிக்கொண்டு போயேன் அக்கா என்று எழுதியிருந்தாள்.

"விளையாட்டுக்கு எழுதியிருக்கா, ரக்கேரா" என்றான் இயோதெபா.

"விளையாட்டுக்கு எழுதுறவ பேனாவை இவ்வளவு அழுத்துவாளா? பின்பக்கம் தடவிப் பாரு."

அவன் தடவிப் பார்த்தான். எழுத்துப் புடைத்திருந்தது. பிள்ளையில்லாத அக்காளுக்குத் தங்கை பிள்ளையைக் கொடுப்பது அவர்கள் ஊரில் புதிதும் இல்லை.

ஒரு பெட்டி நிறையப் பிஞ்சுத் துணி, நாலு பால் புட்டி, தங்கை கணவன் பவுரோவுக்குப் புகையிலை, தெபோராவுக்குக் கையால் சுற்றும் தையல் மிஷின். இதெல்லாவற்றோடும் ரக்கேரா விமானம் ஏறினாள். ஃபிஜியின் நாண்டியில், கிரிபாஸ் தலைநகர் தராவாவுக்குப் போகும் விமானத்துக்காக இரண்டு நாள் காத்திருந்தாள். அந்த இரண்டு நாளில்தான் தராவா வானொலியில் அறிவிப்பு வாசித்தார்கள்: அபையாங்கில் பவுரோ, தெபோரா தம்பதிக்குப் பிறந்த ஆண் குழந்தை தங்கவில்லை, உறவினர் அறியவும். தீவு முழுக்கக் கேட்டது. அவளுக்கு மட்டும் தெரியாது.

காயல் தாண்டும் படகில் முகம் தெரியாத ஒருத்தி, "நல்லவேளை, நீயாவது வந்தே" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரக்கேராவுக்குப் பெருமையாக இருந்தது. படகுக்காரன் எல்லாருடைய மூட்டையையும் கரையில் விட்டெறிந்தான். அவளுடைய பெட்டியை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிவந்து மெதுவாக மணலில் வைத்தான். அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

வீட்டுக்குப் பக்கத்தில் புது மணல். அதன் மேல் வெள்ளைப் பவளக் கல், சுற்றிலும் கவிழ்த்துப் புதைத்த கண்ணாடிப் புட்டிகள். ஒரு முழ நீளம்தான் இருக்கும். தெபோரா எழுந்து வந்தாள். ரவிக்கை முன்னால் நனைந்திருந்தது. விருந்தாளிக்குச் செய்கிறபடி அக்காவின் கழுத்தில் பவுடர் போட்டாள்.

"பெட்டியில என்னக்கா?"

"துணி."

அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

ஒன்பது நாள் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளுடைய ஷூவைப் பார்த்துப் பயந்தார்கள். மூன்று வயது அரோய்ட்டா மட்டும் முதல் நாளே மடியில் ஏறினாள். பெரியம்மாவின் சட்டைப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி தூங்குவாள். எடுத்துப் படுக்க வைத்தால் விழித்துக்கொள்வாள். அதனால் ரக்கேரா அசையாமல் உட்கார்ந்திருப்பாள், கால் மரத்துப்போகிற வரைக்கும்.

ஒன்பதாம் நாள் படகு. எட்டாம் நாள் பிற்பகல், தெபோரா பாய் முடைய தாழை ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள். ரக்கேரா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். பிள்ளை மடியில் இருந்தது.

"தெபோரா, உன்கிட்ட கேக்குறேன்."

ஓலை கிழிக்கிற சத்தம் நின்றது.

"என்ன கேக்குறே, அக்கா?"

பாய் என்று சொல்லியிருக்கலாம். "நாக்கு நுனியில பாய்னுதான் இருந்துச்சு" என்று பல வருடம் கழித்து அவளே அரோய்ட்டாவிடம் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது வேறு.

"இவளை."

தெபோரா பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தூங்குறாளா?"

"தூங்குறா."

"இடது காதுல சீழ் வரும் அவளுக்கு. தலைக்கு ஊத்துறப்ப பஞ்சு வச்சுக்கோ."

அதுதான் பதில். அதற்குப் பிறகு ஓலை கிழிக்கிற சத்தம் மறுபடி கேட்டது.

அன்று சாயங்காலம் பவுரோ கரையில் அவளைத் தேடி வந்தான். கோபம் இல்லை அவனிடம். பேசத் தெரியாதவன் வேறு. "அக்கா, கேட்டவங்களே வேணாம்னு சொன்னா அதுல யாருக்கும் வெக்கம் இல்ல" என்றான்.

"அவதான் குடுத்துட்டாளே, தம்பி."

"குடுக்காம என்ன செய்வா?"

மறுநாள் ரக்கேரா படகு ஏறினாள்.

காகிதம் எல்லாம் முடியப் பதினாறு மாதம் ஆயிற்று. தீவின் நீதிமன்றத்தில் பதிய வேண்டும், பிறகு ஆஸ்திரேலியா அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை அரோய்ட்டா அந்த வீட்டிலேயே இருந்தாள், அக்காவின் பிள்ளையாக. மீனின் வயிற்றுப் பகுதி முதலில் அவளுக்கு. அண்ணன்மார் "ஆஸ்திரேலியாக்காரி, படகு வந்துருச்சுடி" என்று சீண்டினால் அவர்களுக்கு அடி. அவளுக்கு அடி கிடையாது. ஒருநாள் பதநீர்ச் சட்டியை உடைத்துவிட்டாள். தெபோரா கையை ஓங்கி, ஓங்கிய கையோடு நின்றாள். "அக்கா பிள்ளை" என்று தனக்கே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுததைப் பவுரோ கேட்டான். அரோய்ட்டாவுக்கு நினைவிருப்பது ஓங்கிய அந்தக் கை மட்டும்தான். அது விழுந்திருக்கலாம் என்று அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள்.

இரண்டாம் முறை ரக்கேரா வந்தபோது கொண்டுவந்த ஷூ பிள்ளைக்குச் சின்னதாக இருந்தது. தெபோரா கரைக்கு வரவில்லை. ஒரு புட்டி பதநீர்ப் பாகும், புதிதாக முடைந்த பாய் ஒன்றும் கொடுத்தனுப்பினாள். ரக்கேரா கேட்காத பாய்.

அவர்கள் பேச்சில் அம்மாவின் அக்காளும் அம்மாதான். அதனால் அரோய்ட்டாவுக்குப் பெயர் மாற்றிக் கூப்பிட வேண்டிய சிரமம் இருக்கவில்லை. பிரிஸ்பேனில் ஒரு அம்மா. தீவில் போன் வந்த பிறகு மாதம் ஒருமுறை போனில் ஒரு அம்மா. "நல்லா இருக்கேன் அம்மா", "சாப்பிட்டேன் அம்மா", அவ்வளவுதான் அவள் பேசுவாள். மிச்ச நேரமெல்லாம் ரக்கேராதான். மழை, இறைச்சி விலை, அரோய்ட்டாவின் மார்க், ரூத்தாவின் மருமகன் கார் மோதியது. ஆறுமாத மழையைத் தேக்கிவைத்திருந்தவள் போல் கொட்டுவாள். எதிர்முனையில் மூச்சு விடக்கூட இடம் விட மாட்டாள். அம்மாவுக்குத் தங்கை மேல் இவ்வளவு பாசம் என்று அரோய்ட்டா நினைத்திருந்தாள். இடம் விட்டால் அங்கிருந்து ஒரு கேட்பு வந்துவிடும் என்ற பயம் அது என்று வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

அரோய்ட்டாவுக்குப் பதினான்கு வயதில் அந்தப் போன் பேச்சு நடந்தது. தெபோரா சர்க்கரை நோய்க்குக் கால் விரல் எடுத்துத் தராவா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அரோய்ட்டாதான் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். அன்று காலையில் வாங்கிய போன் கார்டு. நாற்பது நிமிடம் இருக்கிறது என்று கார்டின் பதிவுக் குரல் ஆங்கிலத்தில் சொன்னதை அவளே காதால் கேட்டாள். ரக்கேரா வழக்கம்போல மழையில் தொடங்கினாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். எதிர்முனையில் தெபோரா ஏதோ சொன்னாள். ரக்கேராவின் பேச்சு அறுந்தது.

போன் காதோரத்திலிருந்து கொஞ்சம் விலகியிருந்தது. அரோய்ட்டாவுக்கே கேட்டது.

"அக்கா, உன்கிட்ட கேக்குறேன்."

"தெபோரா, கார்டு முடியப் போகுது. நாளைக்குக் கூப்பிடுறேன்" என்றாள் ரக்கேரா. வைத்துவிட்டாள்.

வைத்த போன் மேல் கையை எடுக்காமல் நின்றாள். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. "உன்னைத்தான் கேக்கப் போறா" என்றாள், சுவரைப் பார்த்து.

மறுநாள் அவளுக்கு இரட்டை வேலை. அதற்கு மறுநாள் தலைவலி. நாலாம் நாள் பவுரோவிடமிருந்து போன் வந்தது, தெபோரா போய்விட்டாள் என்று.

அடக்கம் முடிந்த பிறகுதான் அவர்களால் போய்ச் சேர முடிந்தது. பெரிய கல்லறைக்குப் பக்கத்தில் பழைய சிறு கல்லறை, அதே புட்டிகளோடு. பவுரோ தாழை மரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

"அவ என்ன கேக்க இருந்தா, தம்பி?"

"என்கிட்ட சொல்லல. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கணும்னு ரெண்டு மாசமா சொல்லிட்டு இருந்தா. என்னன்னு கேட்டா, அது அக்காவுக்கும் எனக்கும்னு சொல்லிட்டா."

"இவளைத்தான் கேக்க இருந்தாளா?"

பவுரோ அரோய்ட்டாவைப் பார்த்தான். "தெரியாதுக்கா. போர்வையாகூட இருக்கலாம். ஆஸ்பத்திரியில குளிர்னு சொன்னா."

ரக்கேரா கல்லறைக்கு முன்னால் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "எதுவானாலும் சரி, தெபோரா" என்றாள். மறுபடியும் சொன்னாள். வெயில் இறங்குகிற வரை எழுந்திருக்கவில்லை. யாரும் வந்து அவளை எழுப்பவும் இல்லை. கேட்காத ஒன்றுக்குச் சரி என்று சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்?

அரோய்ட்டா படித்தாள். இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். மறுக்க முடியாத ஒருவர் கொடுப்பது சம்மதம் ஆகுமா என்று ஒரு வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். நாலு பக்கம் எழுதினாள். பிறகு மூன்று பக்கத்தை அடித்தாள். ஆகாது என்று எழுதினால் தான் ஒரு திருட்டுப் பொருள். ஆகும் என்று எழுதினால் அந்த ஓங்கிய கைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. பதநீர்ச் சட்டியைப் பற்றிய ஒரு பக்கம் மட்டும் மிஞ்சியது. குறைந்த மார்க்தான் வந்தது.

ரக்கேராவுக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது எல்லாம் பிந்திவிட்டது. படுக்கையில் கிடந்தபோதும் தண்ணீர் கேட்கவில்லை. கூஜாவைப் பார்ப்பாள். அரோய்ட்டா அந்தப் பார்வையைக் கவனித்து எழுந்து ஊற்றிக் கொடுப்பாள்.

"அம்மா, தண்ணி குடுன்னு ஒரு வாட்டி சொல்லும்மா. எனக்காக."

ரக்கேராவின் உதடு அசைந்தது. அரோய்ட்டா குனிந்து காதை வைத்தாள்.

"அங்கேயிருந்து யாராவது வந்து ஒண்ணு கேப்பாங்க. என்னன்னு எனக்குத் தெரியாது. கேட்டா இல்லைன்னு சொல்லிராத."

அதற்கு மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

இப்போது அரோய்ட்டாதான் மாதாமாதம் கூப்பிடுகிறாள். எடுப்பது தம்பி தமுவேரா, அவளுக்குப் பிறகு அந்த வீட்டில் பிறந்தவன். அவள் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. கொஞ்சம் பேசிவிட்டு வேண்டுமென்றே சும்மா இருப்பாள். அலைச்சத்தம் கேட்கும், சேவல் கூவும்.

"ஏதாவது வேணுமாடா?"

"ஒண்ணும் வேணாம்க்கா."

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருமுறை மட்டும் அவன் கொஞ்சம் யோசித்தான். "கூரை ஒழுகுது. ஒரு தார்ப்பாய் அனுப்புறியா?"

மறுநாளே வாங்கினாள், கடையில் இருந்ததிலேயே பெரியது. அது போய்ச் சேர ஏழு வாரம். சேர்ந்துவிட்டது என்று அவன் சொன்னதும் கேட்டாள்.

"தமுவேரா, அம்மா கேக்க இருந்தது இதுதானா?"

அவன் சிரித்துவிட்டான். "போக்கா. அப்போ கூரையே புதுசு."

"அப்போ வேற என்னடா?"

"யாருக்குத் தெரியும்? ஆனா தார்ப்பாய் இல்லன்னு மட்டும் தெரியும்" என்றான். சேவல் கூவியது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்த்தாள்.