சுதாகரன் சொன்ன பெயர்

வட்டவளைத் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்குத் தூள் கொண்டுபோகும் லொறியைப் பதினாறு வருடமாக ஓட்டியவர் சுதாகரன். கொரோனா ஊரையே வீட்டுக்குள் பூட்டிய நாட்களிலும் அவருடைய லொறிக்கு அனுமதி இருந்தது. திரும்பி வந்தால் வரிசை வீடுகளான லயத்துக்குள் நேரே நுழையமாட்டார். பீலித் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் குளித்து, மனைவி பூரணி எடுத்து வைத்த சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் வாசல் ஏறுவார்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று மே மாதம் ஒரு பகல், திரும்பும் லொறியில் அவருக்குப் பக்கத்தில் நிலக்ஷி இருந்தாள். தோட்டத்தின் பக்கத்து டிவிஷனில் கொழுந்து எடுக்கும் பேச்சியம்மாவின் மகள். கொழும்புப் பக்கம் உடுப்புத் தைக்கும் காமெண்டில் வேலை. விடுதியை மூடிவிட்டார்கள், பஸ்ஸும் இல்லை. “அண்ணே, எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருங்க” என்று போனில் அழுதாள். ஆள் ஏற்றக் கூடாது என்று தெரிந்தே ஏற்றினார். வழியில் கித்துல்கலையில் மழை பிடித்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மாஸ்க்கைக் கழற்றி, இருவரும் பணிஸ் தின்றார்கள்.

நான்காம் நாள் சுதாகரனுக்குக் காய்ச்சல். சோதித்ததில் கொரோனா என்று வந்தது. யார் யாருடன் பழகினீர்கள் என்று சுகாதாரப் பரிசோதகர் போனில் சிங்களத்தில் கேட்டார். தொழிற்சாலை ஆட்களின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, நிலக்ஷிக்குப் போன் போட்டார்.

“ஐயோ, சொல்லிறாதீங்க அண்ணே! லயத்தையே பூட்டிருவாங்க. எல்லாரும் என்னையத்தான் ஏசுவாங்க.”

“அம்மா எப்படி இருக்காங்க?”

“இருமல்தான். மழையில கொழுந்து எடுத்தாங்கல்ல, அதான்.”

போனை வைத்த பிறகு சுதாகரனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உண்மை தெரிந்தால் லொறி போய்விடும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தன்னை நம்பி ஏறிய பிள்ளையை எப்படிக் காட்டிக்கொடுப்பது? ஆனால் பேச்சியம்மாவுக்கு ஏற்கனவே இளைப்பு உண்டு. அரைமணி நேரத்தில் பரிசோதகரை மறுபடி கூப்பிட்டு, தனக்கு வந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

அன்றே அம்புலன்ஸ் வந்தது. பேச்சியம்மாவுக்கும் கொரோனாதான்; ஆஸ்பத்திரியில் ஒக்சிஜனில் வைத்தார்கள். பதினெட்டு நாள் கழித்து மெலிந்துபோய் வீடு திரும்பினார். அவர்களுடைய இருபது வீட்டு லயம் இரண்டு வாரம் பூட்டிக் கிடந்தது. சுதாகரனிடம் லொறிச் சாவியை வாங்கிக்கொண்டு, மூட்டை ஏற்றும் வேலையில் போட்டார்கள். ஏழு மாதம் கழித்துத்தான் சாவி கிடைத்தது.

பேச்சியம்மா எங்கே கண்டாலும், “தம்பி, சாப்டீங்களா?” என்று நின்று பேசுவார். நிலக்ஷி பேசுவதில்லை. நோய் கொண்டுவந்தவள் என்று லயத்தில் அவள் கேட்ட பேச்சு கொஞ்சமல்ல.

சொன்னது தவறென்று சுதாகரன் ஒருநாளும் நினைத்ததில்லை. சொல்லப்போகிறேன் என்பதை அவளிடம் முதலில் சொல்லியிருக்கலாம். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை.