அடுப்போரம் நின்ற பிரிட்ஜ்

அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு இரண்டாவது முறை திரும்பியபோதுதான், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முதல் பிரிட்ஜ் வந்தது. இலங்கை மலையகத்தில் உடப்புசல்லாவைக்கு மேலே, பனி இறங்கினால் எதிர் லயம் தெரியாத தேயிலைத் தோட்டம் அது. மீன்காரர் சனிக்கிழமை மட்டுமே ஏறி வருவார். அவரிடம் மீதமாகும் மீனை மொத்தமாக வாங்கி, உறைய வைத்து, வாரம் முழுவதும் விற்பது அம்மாவின் திட்டம். அது நடந்தால் அம்மா வீட்டோடு இருப்பார். நடக்காவிட்டால் மறுபடியும் குவைத். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஏற்கெனவே போனில் அழைக்கத் தொடங்கியிருந்தார்.

முதல் வாரமே மீன் நாறியது. ஐஸ் தட்டில் ஊற்றிய தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது. வாடை லயம் முழுவதும் போனதால் செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே ஆறுதல் சொன்னார்.

"இந்தக் குளிருக்கு மீனக் கூரையில போட்டிருந்தாலும் கெட்டிருக்காது தங்கச்சி."

டவுனிலிருந்து வந்த ரிப்பேர்காரர் கேஸ் போயிருக்கும் என்றார். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னார். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

"பெட்டிய வித்துட்டு, பேசாம இன்னொரு தடவ போயிட்டு வந்துரு."

"மொதல்ல இதுக்கு என்ன நோவுன்னு பாக்குறேன்" என்றார் அம்மா.

கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்த்தார். தாள் வரவில்லை, ரப்பரில் குறையில்லை. பின்பக்கத் தூசியைத் துடைத்தார், பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். பயனில்லை. பிறகு மோட்டாரில் கை வைத்தார். அது சில்லென்று கிடந்தது. கேஸ் போயிருந்தால் மோட்டார் ஓயாமல் ஓடிச் சூடேற வேண்டும். இது ஓடவே இல்லையே என்று அப்பாவிடம் சொன்னார். அன்று முழுவதும் வேலைக்கு நடுவே பெட்டியில் காதை வைத்துக் கேட்டபடி இருந்தார். உச்சி வெயிலில் தகரக் கூரை காய்ந்தபோது மோட்டார் ஓடியது. சாயங்காலம் பனி இறங்கியதும் நின்றது.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. பெட்டியில் கோளாறு இல்லை, இடத்தில்தான் கோளாறு. எங்கள் முன்னறையின் குளிரில் பெட்டியின் கீழ்த்தட்டு தானாகவே குளிர்ந்திருந்தது. அந்தத் தட்டின் குளிரை அளந்துதான் மோட்டார் ஓடும். அங்கே குளிர் போதும் என்றிருந்தால் அது எழும்பாது. மோட்டார் ஓடாமல் மீன் வைக்கும் மேல்தட்டு உறையாது.

மறுநாள் அம்மா பிரிட்ஜை அடுப்படிக்கு நகர்த்தினார், விறகு அடுப்பின் சூடு மட்டும் படும் தூரத்துக்கு. அப்பா முனகிக்கொண்டே ஒரு பக்கம் பிடித்தார். பெரியம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"அடுப்பு மூட்டி ஐஸ் போடுற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"அடுத்த வாரம் மீன் வாங்க வருவீங்கள்ல, அப்பச் சொல்லுங்க" என்றபடி அம்மா அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமையும் மீன் வாங்கினார். ஞாயிறு காலை மேல்தட்டிலிருந்து ஒரு சாளை மீனை எடுத்து மேசையில் தட்டினார். கல் விழுந்த சத்தம் கேட்டது. அப்பா அதை வாங்கித் தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"அடுத்து எப்பம்மா போவீங்க?" என்று கேட்டேன். வந்த அம்மா திரும்பிப் போவார் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்கு. எங்கள் லயத்தில் பல வீடுகளில் அப்படித்தான். பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலத்தான் கேட்டேன்.

அம்மா மீன் தொட்ட இரண்டு கைகளாலும் என் கன்னங்களைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்றிருக்கிறது என்று நான் உதறிவிட்டு விளையாட ஓடினேன்.