நாகவல்லிக்கு வந்த சார்ஜ்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனி ஒன்றில் நாகவல்லிக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். போன தீபாவளிக்கு முன்னால் மேனேஜர் வெங்கட் அவளைக் கூப்பிட்டு, "நாளையிலிருந்து மெஷின் ஹாலுக்கு நீதாம்மா இன்சார்ஜ்" என்றார். சம்பளம் ஏறவில்லை, உத்தரவு என்று ஒன்றும் தரவில்லை. ஆனாலும் அன்றைக்குத் திருநின்றவூர் வரைக்கும் ரயிலில் நின்றுகொண்டே போனவளுக்குக் கால் வலிக்கவில்லை. அவள் அம்மாவும் அப்பாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டிலிருந்து ஒருத்தி இன்சார்ஜ்.

மூன்றாம் நம்பர் மெஷினின் கதவு திறந்தால் மெஷின் தானாக நிற்க வேண்டும். அதற்கான சுவிட்சை அழுத்தி, கதவு திறந்தாலும் மெஷின் ஓடும்படி கம்பியால் கட்டிவைத்திருந்தார்கள். முதல் வாரமே நாகவல்லி போய்ச் சொன்னாள். "ஆர்டர் முடியட்டும்" என்றார் வெங்கட். அடுத்த தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை, "இன்சார்ஜ்னா சமாளிக்கணும்மா" என்று போனை எடுத்துக்கொண்டார்.

தை மாசத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பரில் வேலை பார்த்த பத்மாவின் கை அந்த மெஷினில் மாட்டியது. இரண்டு விரல்கள் போயின.

ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன பத்மாவை வீட்டில் விட்டுவிட்டு, நாகவல்லி வேலைக்குத் திரும்பினாள். வாசலில் செக்யூரிட்டி ஒரு கவரைக் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். மேலே இருந்த 'சார்ஜ்' மட்டும்தான் அவளுக்குப் பிடிபட்டது. இன்சார்ஜ் ஆர்டர் ஒருவழியாக வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

வீட்டில் மகள் கவிப்பிரியா அதை இரண்டு தடவை படித்தாள்.

"இன்னா போட்டுக்கீது?"

"சார்ஜ் மெமோம்மா. உன் மேல குத்தம் சாட்டியிருக்காங்க. நீ கவனிக்காததாலதான் பத்மா அக்கா விரல் போச்சாம்."

"சார்ஜ்னா பொறுப்புன்னுதானே அந்தாளு சொன்னான்?"

"பொறுப்புக்கும் அதான் வார்த்த. குத்தத்துக்கும் அதான்."

நாகவல்லிக்கு அழுகை வரவில்லை. "தூக்கி வைக்கசொல்லோவும் அதே வார்த்த, தூக்கிப் போடசொல்லோவும் அதே வார்த்தயா? எழுதுடி பதிலு" என்றாள். மகள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள். "தமிழ்லயே எழுது. அவன் குந்திப் படிக்கட்டும்."

நாகவல்லி சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். 'கதவைப் பற்றி மூன்று தடவை சொன்னேன். என்னை இன்சார்ஜாகப் போட்ட உத்தரவைக் காட்டுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால், அந்த ஹாலுக்கு யார் பொறுப்பு என்று எழுதிக் கொடுங்கள்.' இதன் நகல் ஒன்று தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்கும் போனது.

இரண்டாம் நாள் வெங்கட் கூப்பிட்டார். "உள்ளேயே பேசியிருக்கலாமே, நாகவல்லி?"

"உள்ளதான் சார் மூணு தபா பேசினேன். பத்மா ஊட்டாண்ட போய் அவ கையப் பாருங்க."

ஆய்வாளர் வந்து மூன்றாம் நம்பர் மெஷினை நிறுத்தினார். மெமோவை இரண்டு வரிக் கடிதத்தில் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பு என்று ஒரு சொல் அதில் இல்லை. நாகவல்லியை பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

பத்மாவின் நஷ்டஈட்டு வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாகவல்லி லீவு போட்டுவிட்டுப் போகிறாள். கம்பெனி வராந்தாவில் வெங்கட் எதிரே வந்தால் அவள் ஒதுங்குவதில்லை. அவர்தான் சுவரோரமாகப் போகிறார்.