ரெஜினா அக்காவும் கிரவுண்டின் இடது மூலையும்

செவ்வாய்க்கிழமை காலையில் நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். நம் அணியின் வாட்ஸ்அப் குழு எனக்கு அம்மாவின் போனில்தான் வரும். அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பர்சானா எழுதியிருந்தாள்: "ரெஜினா அக்கா இறந்துட்டாங்க. புத்தூர் ஆஸ்பத்திரியில. ராத்திரியே." படித்துவிட்டு, டிபன் பாக்ஸின் மூடியைத் தேடி எடுத்து அதையும் கழுவினேன். பள்ளிக்கூடம் போனேன். வேதியியல் பரீட்சை எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன். அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

அக்காவைத் தெரிந்த உங்களுக்காகவும், உங்கள் அம்மா அப்பாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் நம் ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. நம் வீடுகளில் இப்போது என்ன பேசுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் அப்பா சொன்னார்: "கிரவுண்டுல கெடந்து காய்ச்சலை வாங்கிக்கிட்டு வந்திருக்கு அந்தப் பொண்ணு. இனிமே நீ அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது." நான் தலையாட்டினேன். அப்பா முன்னால் எனக்கு வேறெதுவும் வராது. இதைக்கூட எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறை விளக்கைப் போட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒன்பது பேர் சேராவிட்டால் அணி கலைந்த மாதிரிதான். கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் முழு கிரவுண்டையும் எடுத்துக்கொள்வார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் ஆடுவது ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்து உருண்டையாக இருக்காது, இரண்டு பக்கமும் கூம்பியிருக்கும். ஒருத்தி உதைத்த பந்தை இன்னொருத்தி தரையில் படாமல் பிடித்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். பிடித்தவள் பின்னால் நடந்து போய், ஓடி வந்து, நிதானமாகக் கோலைப் பார்த்து உதைக்கலாம். அதற்கு செட் ஷாட் என்று பெயர். பந்தைப் பிடித்த இடத்துக்கு மார்க் என்று பெயர். எதிரணிப் பெண் ஒருத்தி அந்த மார்க்கில் கைகளை உயர்த்திக்கொண்டு நின்று, உதைப்பவளைக் கலைக்கப் பார்ப்பாள்.

பயிற்சியில் ரெஜினா அக்காவுக்கு எதிரில் மார்க்கில் நிற்பது என் வேலை. நான் உயரம் என்பதால் கொடுத்தார்கள். அக்கா பந்தை நிமிர்த்தி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கீழுதட்டைக் கடித்தபடி ஓடி வருவதை உங்கள் யாரையும்விட நான்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் கத்த வேண்டும். எனக்குக் கத்த வராது.

"வாயைத் திறடி! என்னமோ பெருமாள் சேவிக்கிற மாதிரி கையத் தூக்கிக்கிட்டு நிக்கிற. ஏதாவது சொல்லு. என் காலு கோணல்னு சொல்லு" என்பார் அக்கா.

அடுத்த முறை அவர் ஓடி வந்தபோது நான் சொன்னேன்: "அக்கா, உங்க ஷூ லேஸ் அவுந்திருக்குங்க."

அவர் குனிந்து பார்த்துவிட்டார். பந்து தென்னை மரத்துப் பக்கம் போயிற்று. லேஸ் அவிழவில்லை. பர்சானா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "திட்டறதுக்குக் கூட மரியாத குடுக்கிறா பாரு!" என்றாள். அக்கா பந்தை எடுத்துக்கொண்டு வந்து என் தலையில் ஒரு தட்டு தட்டினார். "நீதான்டி ஆபத்தான ஆளு" என்றார்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று. காலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கையைப் பாருங்கள் என்பார். "பந்தை வீசாத. இலையில சோறு வைக்கிற மாதிரி கால் மேல வை. கை ஒழுங்கா வச்சா காலு தானா உதைக்கும்." அப்படி வைத்து உதைத்த பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே நேராகப் போகும். ஆடிக் காற்றில் நாமெல்லாம் உதைத்தது காவிரிப் பக்கம் ஒதுங்கிப் போனபோதும் அவர் பந்து அதிகம் அசையவில்லை. ஒருமுறை அசைந்தது. "அம்மியே பறக்குமாம், என் பந்து பறக்கக் கூடாதா?" என்றார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. நம் எல்லோருக்கும் இருந்த குறைதான். கிரவுண்டின் நடுப்பகுதி எப்போதும் கிரிக்கெட் பையன்களிடம் இருந்தது. கோலுக்காகச் சவுக்குக் கம்புகள் நான்கை வரிசையாக நட்டுவிட்டு, இடது மூலையிலிருந்துதான் நாம் கோலுக்கு உதைத்துப் பழகினோம். அது கஷ்டமான கோணம். அங்கிருந்து அக்காவுக்குத் தப்பவே தப்பாது. நேர் எதிரிலிருந்து உதைத்துத்தான் பழக்கமில்லை.

தஞ்சாவூரில் நடந்த போட்டியின் கடைசி நேரம் உங்களுக்கு நினைவிருக்கும். கோலுக்கு நேர் எதிரே, சின்னக் குழந்தைகூட உதைக்கக்கூடிய தூரத்தில் அக்கா பந்தைப் பிடித்தார். நாம் கத்த ஆரம்பித்துவிட்டோம். அவர் நேராகப் பின்னால் போனார். ஓடி வரும்போது பழக்கத்தில் இடது பக்கம் வளைந்தார். மார்க்குக்கு நேர்கோட்டை விட்டு விலகினால் செட் ஷாட் போய்விடும், யார் வேண்டுமானாலும் பாய்ந்து பிடிக்கலாம். ஆட்டம் தொடரலாம் என்று நடுவர் குரல் கொடுத்ததுமே இரண்டு பேர் அவர் மேல் விழுந்தார்கள். தோற்றோம்.

திரும்பும்போது பஸ்ஸில் நாம் அவரை விடவில்லை. "நேர் வழியே தெரியாதுங்களாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். அக்கா ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "நேரா நின்னா பயமா இருக்குடி. நடுக் கம்பு ரெண்டும் என்னையே பாக்குது." சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அடுத்த ஞாயிறே அவர் பையன்களிடம் போய் நின்றார். "தம்பி, காலையில கொஞ்ச நேரம் நடுவுல விடுங்க."

"என்னக்கா, உரிக்காத தேங்காய உதைக்கிறதுக்கு நடு கிரவுண்டு வேணுமா?"

"ஆமாப்பா. நீ உரிச்சுக் குடுத்துடு, நான் வீட்டுக்குப் போயிடறேன்."

அவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. அப்படித்தான் நமக்கு அந்த நடுப்பகுதி கிடைத்தது.

அடக்கத்துக்கு அம்மாவும் நானும் புத்தூருக்குப் போனோம். அக்காவுக்கு வெள்ளை உடை போட்டிருந்தார்கள். கைகளைச் சேர்த்து ஜெபமாலை சுற்றியிருந்தார்கள். நான் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய அம்மா என்னைப் பார்த்து, "நீங்கதானே பந்து விளையாடற பிள்ளைங்க?" என்று கேட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மூணு வாரமா வெளியிலயே போகலம்மா. பரிச்சை பரிச்சைன்னு ரூமுக்குள்ளயே கெடந்தா. பின்னாடி சாக்கடைக் கொசு. டாக்டரும் கொசுக் காய்ச்சல்னுதான் சொன்னாங்க. உங்ககூட கிரவுண்டுக்காவது வந்திருந்தா நாலு நாள் சந்தோஷமா இருந்திருப்பா."

என் அம்மாவும் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து அப்பா கிரவுண்டைப் பற்றிச் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. அக்காவின் அம்மா சொன்னதை நாங்கள் இரண்டு பேருமே அப்பாவிடம் சொல்லவில்லை.

அக்காவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது, அவர் பரீட்சைக்காக வராமல் நின்றதற்கு முந்தைய ஞாயிறு. அன்றைக்கு, "இன்னிக்கு நான் மார்க்ல நிக்கிறேன், நீ உதை" என்றார். நேர் எதிரே. நடு கிரவுண்டு. நான் பின்னால் போய் நின்றேன். அவர் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார், கத்தவில்லை.

"ஏதாவது சொல்லுங்கக்கா" என்றேன்.

"நீதான் ஏற்கெனவே பயந்துட்டியே, நான் வேற எதுக்கு? ஓடி உதைக்கிறப்ப பயப்பட நேரம் இருக்காது. இது நின்னு உதைக்கிறது. பயத்துக்கு நாற்காலி போட்டுக் குடுத்த மாதிரி. அது உக்காந்திருக்கட்டும், நீ ஓடி வா."

ஓடி வந்தேன். பந்து நடுக் கம்புகளுக்குள் போகவில்லை. ஓரக் கம்புக்கும் நடுக் கம்புக்கும் இடையில் போயிற்று. நடுவில் போனால் ஆறு புள்ளி, பக்கத்தில் போனால் ஒன்று. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அக்கா ஒரு விரலை உயர்த்திக்கொண்டு கிரவுண்டே கேட்கும்படி, "ஒண்ணு!" என்று கத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து சொன்னார்: "தப்பினாலும் ஒண்ணு குடுக்கறாங்கடி இந்த ஆட்டத்துல. வேற எங்க குடுப்பாங்க?"

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான். அவருடைய ஷூவோ ஜெர்சியோ எனக்கு வேண்டாம்.

காலையில் அப்பா கடைக்குக் கிளம்பும் முன் இதை அவர் கையில் கொடுக்கப் போகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. அவர் படித்து முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பேன். உங்களுக்கு அனுப்புவது அதற்குப் பிறகுதான். அவர் இதைக் கிழித்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை என்னை விடாமலும் இருக்கலாம். அப்படியானாலும், ரெஜினா அக்கா கிரவுண்டால் சாகவில்லை என்பது எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.