வத்தல் கடைக்காரரின் கண்

ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய்வத்தல் மொத்த வியாபாரம் செய்துவந்த ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு மிளகாய் நெடியில் கண் எப்போதும் ஒழுகிக்கொண்டே இருக்கும். பக்கத்துப் புளிக்கடைக்காரனான நான் அதைக் கேலி செய்ததுண்டு.

இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கும் மனைவி உலகம்மாளுக்கும் ஒரே மாதத்தில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. மதினி சீக்கிரமே ஊசியில் நூல் கோத்துவிட்டார். அண்ணாச்சிக்கோ கண் வறண்டு, மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. "ஷுகர் உள்ளவங்களுக்கு இது கூடுதலா வரும்" என்று டாக்டர் சொட்டுமருந்து எழுதித் தந்தார். மதினி கடைக்கே வந்து, அவர் எரிந்து விழுந்தாலும் கேட்காமல், தாடையை நிமிர்த்தி மருந்து விட்டுவிட்டுப் போவார்.

மறுவருஷம் மாரடைப்பில் மதினி போய்விட்டார். உடலருகே அண்ணாச்சி சிவந்த கண்ணோடு மரம்போல் உட்கார்ந்திருந்தார்.

"கட்டினவ போயிட்டா, ஒரு சொட்டு வருதா பாரு" என்று உறவுக்காரப் பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்த வாய்களில் வத்தலைத் திணிக்கலாம்போல இருந்தது எனக்கு.

கண் எரிச்சல் தாங்காமல் அவர் உள்ளறைக்குப் போனார். மகள் வடிவு மருந்து விட்டாள். அது கன்னத்தில் வழிய வெளியே வந்தவரை மதினியின் தம்பி கட்டிக்கொண்டார்.

"அழுங்க அத்தான், நல்லா அழுங்க."

முணுமுணுத்த பெண்களும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது மருந்துடே. வத்தலுக்கு எத்தனை வருஷம் அழுதிருக்கேன். அவளுக்கு ஒரு சொட்டு வரலியேடே."