மீட்டர் கத்திய இடம்

அலைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சை அளப்பதுதான் அவள் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறாள். கைப்பிடியின் நுனியில் வெள்ளைப் பந்தைச் செருகியது போன்ற கருவியோடு ஊரெல்லாம் மாடி ஏறுவதால், மீட்டர்க்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை ஒருவர் அதை மைக் என்று நினைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு பேட்டி கொடுக்கத் தயாராகிவிட்டார்.

அன்று அவளை அழைத்தவர் ஒரு குடியிருப்பின் செயலாளர், ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்.

"எதிர்மாடியில டவர் வச்சதுல இருந்து வலது காது கொதிக்குதும்மா. இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும்."

மொட்டை மாடி, பால்கனி, படுக்கையறை என்று ஒன்று விடாமல் அளந்தாள். கருவி கம்மென்று கிடந்தது.

"அனுமதிச்ச அளவுல நூத்துல ஒரு பங்குகூட இல்ல சார்."

"மீட்டர் ரிப்பேரா இருக்கும்!"

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மனைவி குறுக்கே பேசுவாள் என்பதால், எப்போதும்போல ஜன்னல் இல்லாத சாமான் அறைக்குள் புகுந்து, போனைக் காதில் அழுத்திக்கொண்டு பேச ஆரம்பித்தார். அந்த அறை ஒன்றுதான் பாக்கி என்று மீட்டர்க்காரியும் பின்னாலேயே போனாள். அவர் காதுப் பக்கம் போனதும் கருவி வீல் வீலென்று கத்தியது.

செயலாளர் துள்ளிக் குதித்தார். "டவர்! பாத்தீங்களா, டவர்!"

"டவர் இல்ல சார். உங்க கையில இருக்கறது."

அவர் போனைத் தேள்போலத் தள்ளிப் பிடித்தார். கத்தல் அடங்கியது.

"இங்க சிக்னல் ஒரே கோடு. தெருக்கோடியில நிக்கறவங்களக் கூப்பிட நாம தொண்டை கிழியக் கத்தறோம்ல, போனும் அப்படித்தான். சிக்னல் நல்லா இருந்தா முணுமுணுத்தாப் போதும் அதுக்கு."

"அப்ப ஆபத்தா?" குரல் இறங்கிவிட்டது.

"போனுக்கும் ஒரு வரம்பு வச்சிருக்காங்க, அதுக்குள்ளதான் இருக்கும். பயப்படாதீங்க. குறைச்சுக்கணும்னா பால்கனியில நின்னு ஸ்பீக்கர்ல போட்டுச் சுருக்கமாப் பேசுங்க. சூடான போனை அழுத்திப் பிடிச்சா காது கொதிக்காம என்ன செய்யும்?"

"தினம் மூணு மணி நேரம்மா!" மனைவி வாசலில் நின்று சிரித்தாள். "எல்லாம் அந்த டவரை எதிர்த்துப் பேசத்தான்."

செயலாளர் சட்டைப் பொத்தானைத் திருகியபடி, அலமாரியில் எதையோ தேடுவது போல நின்றார். மீட்டர்க்காரி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு அறிக்கையில் கையெழுத்து வாங்கினாள்.

இரண்டு வாரம் கழித்து அலுவலகத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு. பின்னால் தெருச் சத்தம் முழுக்கக் கேட்டது.

"காது இப்போ தேவலாம்மா! பால்கனியில ஸ்பீக்கர்லதான் பேசறேன்! ஆனா எதிர்வீட்டுக்காரங்க என்மேல புகார் எழுதிட்டாங்க. என் சத்தம் தாங்கலையாம்!"

"சார், நீங்க சொல்றது இங்க பத்துப் பேருக்குக் கேக்குது," என்றாள் அவள். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.