பன்னிரண்டும் நலம்

தெருவில் அவருக்கு ‘ஓகே சார்’ என்று பெயர். முப்பத்திரண்டு வருஷம் ஒரு பெரிய கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற உத்தியோகம். உத்தியோகம் என்று சொல்வதே அதிகம். மூட்டை எத்தனை, பெட்டி எத்தனை என்று எழுந்து போய் எண்ண வேண்டிய மனிதர், நாற்காலியை விட்டு அசையாமல், வாட்ச்மேன் சொல்கிற எண்ணை வாங்கி எழுதி, பக்கத்தில் ‘ஓகே’ என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். அதற்கும் ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்துத்தான் ஓய்வில் அனுப்பினார்கள். அந்தக் கடிகாரம் முதல் நாளிலிருந்தே இருபது நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை.

அவருடைய மனைவி தையல்காரி. அவள் கவனித்தாள். கவனிப்பதுதானே அவள் பிழைப்பு? கால் அங்குலம் பிசகினால் தோள்பட்டை இழுக்கும். இருபத்தாறு வருஷமாக முன்னறை ஜன்னலோரத்தில் அவளுடைய மிஷின் இருந்தது. காலையிலிருந்து மூன்று மணிவரை அங்கே வெளிச்சம் கொட்டும். அந்த வெளிச்சத்தில் கருநீலத் துணியில் கருநீல நூலை ஓட்டி, பக்கத்து ஆஸ்பத்திரி நர்சுகளுக்கெல்லாம் யூனிபார்ம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் எதையோ செய்துகொண்டிருப்பதாக நாலு பேர் நினைக்க வேண்டுமே! முதலில் கட்டிலுக்கடியில் காளான் வளர்த்தார். வீடு முழுக்க முடை நாற்றம் வந்ததுதான் மிச்சம். பிறகு மொட்டைமாடியில் தேனீப் பெட்டி வைத்தார். தேனீக்களுக்கே பிடிக்காமல் ஒரே வாரத்தில் கிளம்பிப் போய்விட்டன. ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கிறது அவர், கழுவித் தள்ளுகிறது அவள்.

அப்புறம்தான் இறால் வந்தது.

செல்போனில் எவனோ ஒருத்தன் சொல்லியிருக்கிறான்: ஒரு கண்ணாடி ஜாடி, கடலில் பாதி கரிக்கிற உப்புத் தண்ணீர், நாலு கல், அரிசி நீளத்தில் சிவப்பாக இருக்கும் குட்டி இறால். பம்ப் வேண்டாம், வடிகட்டி வேண்டாம், தீனிகூட வேண்டாம், கல்லில் படர்கிற பாசியைத் தின்றே வாழும். எதுவுமே செய்ய வேண்டாத ஒரு வேலை! அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூடிய ஒரு பேக்கரியிலிருந்து பத்து லிட்டர் பிடிக்கிற பழைய பிஸ்கட் ஜாடியைத் தூக்கி வந்தார். அதைத் தேய்த்துக் கழுவியது யார் என்று கேட்கவே வேண்டாம்.

வளர்ப்பு மீன் கடைக்கு இரண்டு பேருமாகத்தான் போனார்கள். பை தூக்க ஆள் வேண்டாமா? மீன் கடைக்காரர் நிதானமான மனிதர். கடல்மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்புப் பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: “லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சார், தலைதட்டிப் போடுங்க. அதுவும் முதல் தடவை மட்டும்தான். அப்புறம் தண்ணி குறையக் குறைய, ஒரு நாள் வெளியில பிடிச்சு வெச்ச நல்ல தண்ணியை ஊத்தி நிரப்பினா போதும். தண்ணிதான் ஆவியாகும், உப்பு உள்ளயே தங்கிடும்.”

ஓகே சார் அப்போது போனில் யாரிடமோ, “ஆமாமா, வீட்லயே கடல் கொண்டு வரப் போறேன்,” என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் பேசி முடித்ததும் கட்டைவிரலை உயர்த்தி, “ஓகே, ஓகே,” என்றார். கேட்டவள் தையல்காரி மட்டும்தான்.

பன்னிரண்டு இறால் வந்தன. ஜாடிக்கு வெளிச்சம் வேண்டும், அப்போதுதான் பாசி வரும் என்று ஜன்னலோரத்தைக் கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? அவள் காய்கறி வாங்கித் திரும்புவதற்குள் மிஷின் சமையலறைக்குப் போகிற நடையில் கிடந்தது. ஜன்னலில் ஜாடி உட்கார்ந்திருந்தது.

“என்னங்க இது? அங்க இருட்டில நான் எப்படித் தைக்கிறது?”

“டியூப் லைட் இருக்கில்ல? உசுரு முக்கியமா, ஊசி முக்கியமா?”

“எத்தனை நாளைக்கு?”

“அதுங்க இருக்கிற வரைக்கும். நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷம்கூட இருக்குமாம்,” என்றார், ஏதோ வரம் கொடுக்கிற மாதிரி.

பத்து வருஷம்! அவளுக்கு வயது ஐம்பத்தாறு. கண் இன்னும் எத்தனை வருஷம் கூட வரும்? அந்த மாதமே ஒரு நர்ஸ் தைத்து வாங்கிப்போன கோட்டைத் திருப்பிக் கொண்டு வந்தாள். “அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கைத் தையல் கோணலா ஓடியிருக்கு.” இருபத்தாறு வருஷத்தில் திரும்பி வந்த முதல் துணி. அவளுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வாங்கிப் பிரித்து, அதே டியூப் லைட்டுக்கடியில் கண்ணில் நீர் வழிய மறுபடி தைத்துக் கொடுத்தாள்.

ஓகே சார் அந்தப் பக்கம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருந்தார். தினம் காலையில் தேதி போட்டு ‘பன்னிரண்டும் நலம். ஓகே’ என்று எழுதிக் கையெழுத்து வேறு. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு சடங்கு மாதிரி, ஐந்து லிட்டர் கேனில் கலக்கி வைத்திருந்த உப்புத் தண்ணீரிலிருந்து இரண்டு டம்ளர் எடுத்து, தண்ணீர் குறைந்த ஜாடியில் ஊற்றுவார்.

“கடைக்காரர் நல்ல தண்ணிதாங்க ஊத்தச் சொன்னாரு,” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

“கடைக்காரனுக்கு விக்கத் தெரியும், வளர்க்கத் தெரியுமா? உப்புத் தண்ணி குறைஞ்சா உப்புத் தண்ணிதான் ஊத்தணும். இதுக்கெல்லாம் கொஞ்சம் மூளை வேணும். நீ போய்ப் பொத்தானைத் தை.”

போனாள். பொத்தானைத்தான் தைத்தாள். அதற்கு மேல் அவள் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? இரண்டே மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஜாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. விரலை நனைத்து நாக்கில் வைத்தால் வாரத்துக்கு வாரம் கரித்தது. எல்லாம் செத்து ஒழிந்தால் ஜாடி தெருவுக்குப் போகும், ஜன்னல் அவளுக்கு வரும். அப்படித்தான் நினைத்தாள். நினைத்ததை மறைப்பானேன்?

மூன்று இறால் செத்தன. நிறம் வெளுத்துக் கல்லோரத்தில் ஒதுங்கிக் கிடந்தன. கூப்பிட்டுக் காட்டினாள்.

நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்து, “சட்டை உரிச்சுப் போட்டிருக்கு. இறால் வளர்றப்ப தோலு உரிக்கும், இதுகூடத் தெரியாதா உனக்கு?” என்றார். அன்றைக்கும் பன்னிரண்டும் நலம்.

அவள் ஒரு சின்னக் கரண்டியால் அந்த மூன்றையும் எடுத்தாள். உரித்த சட்டைக்குக் கண் இருக்குமா? உள்ளே சதை இருக்குமா? மிச்சமிருந்த ஒன்பதும் ஒரு மூலையில் ஒடுங்கி நின்றன. அவளுக்கு வெட்கமாகிவிட்டது. இந்த மனுஷன்மேல் எனக்கு இருக்கிற எரிச்சலுக்கு இதுகள் ஏன் உப்பில் கிடந்து சாக வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவரைப் போலத் தெரியாமல் கொல்கிறவர்களையாவது முட்டாள் என்று விட்டுவிடலாம். தெரிந்துகொண்டே பார்த்திருந்தால் அவளை என்னவென்று சொல்வது?

அன்று மத்தியானமே காரியத்தில் இறங்கினாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது கேனிலிருந்த உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினாள். முந்தின நாள் வாளியில் பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரைக் கேனில் நிரப்பினாள். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியால் ஜாடியின் வெளிப்பக்கம் தண்ணீர் மட்டத்தைக் குறித்தாள். நாளுக்கு ஒரு டம்ளர் கரிப்புத் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே அளவு நல்ல தண்ணீரைச் சேர்த்தாள். பத்து நாளில் ஒன்பதும் செக்கச்செவேலென்று நீந்தித் திரிந்தன. கேன் காலியாகும்போதெல்லாம், “நானே உப்புக் கலக்கி வெச்சுடறேங்க,” என்று அவளே வாங்கிக்கொள்வாள். குனிகிற வேலை குறைந்ததில் அவருக்கும் பரம சந்தோஷம்.

பார்த்தீர்களா கூத்தை! இறால் பிழைத்ததால் ஜன்னல் போனது. அதோடு விட்டதா? ஓகே சாருடைய வாய் இன்னும் நீண்டது. மாடி வீட்டில் குடியிருந்த கணக்கு வாத்தியாரைப் பிடித்து நிறுத்தி, “வாரம் ரெண்டு டம்ளர் உப்புத் தண்ணி. அதான் சார் ரகசியம். நம்ம கண்டுபிடிப்பு,” என்று பீற்றிக்கொண்டார். அவள் நடையின் இருட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்க ஆறாவது தடவையாக முயன்றுகொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரில் இருந்த மகள் மாடிப்படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டாள். இரண்டு வாரம் போய் இருந்துவிட்டு வர வேண்டும். தையல்காரி மூட்டை கட்டினாள். கிளம்புகிற அன்று இறுதியாக ஒரு தடவை அவர் எதிரில் போய் நின்றாள்.

“நான் வர்ற வரைக்கும் நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க. உப்பு கலக்காதீங்க. சொன்னா கேளுங்க.”

“யாருக்கு யாரு பாடம் நடத்தறது?” ஓகே சார் சிரித்தார். “மாசக்கணக்கா உப்புத் தண்ணி ஊத்தி வளர்த்துக் காட்டியிருக்கேன். வெயில் வேற ஏறுது, இனி நாலு டம்ளரா ஊத்தலாம்னு இருக்கேன்.”

நாலு டம்ளர்! அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது, துணி வெட்டியதில் மிஞ்சிய வலைத்துணியை ஒரு கம்பி வளையத்தில் தைத்து, அகல வாய் பாட்டிலில் ஜாடித் தண்ணீரை மொண்டு, ஒரு பாசிக் கல்லையும் போட்டு, ஒன்பதையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. துண்டில் சுற்றிப் பைக்குள் நிறுத்தி வைத்து நாலு மணி பஸ் ஏறினாள். ஜன்னலில் கல்லும் பாசியும் தண்ணீரும் மட்டும் இருந்தன.

பஸ்ஸில் மடிமேல் பையை வைத்துக்கொண்டு மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டாள். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை குனிந்து பார்த்து, ‘காணோமே’ என்று கேட்டால் போதும். அத்தனையையும் திருப்பிக் கொண்டு வந்து ஜாடியில் விட்டுவிடுவேன். ஜன்னலையும் கேட்க மாட்டேன். பதினாலு நாள் இருக்கிறதே, ஒரு நாள்கூடவா பார்க்காமல் போய்விடுவார்?

மூன்றாம் நாள் போன் பண்ணினாள். “இறாலெல்லாம் எப்படி இருக்குங்க?”

“டாப்பா இருக்கு. பன்னிரண்டும் செம ஜோரு.”

எட்டாம் நாளும் கேட்டாள். “இன்னிக்குக் காலையில ஒண்ணு மேல வந்து என்னையே உத்துப் பார்த்துச்சு தெரியுமா? ஆளை அடையாளம் தெரியுது அதுக்கு,” என்றார்.

அவள் எதிரில் மகள் வீட்டு ஜன்னலில் பாட்டில் இருந்தது. கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போனை வைத்ததும் அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“அப்பாகிட்ட சொல்லிடலாமாம்மா?”

“வேண்டாம். எனக்கு டைபாய்டு வந்தப்ப டாக்டர்கிட்ட, ‘நேத்து நல்லாத் தூங்கினா, ஓகே’ன்னாரு. அந்த ராத்திரி முழுக்க நான் வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். முப்பது வருஷமா என்னையும் இப்படித்தான்டி பார்த்திருக்காரு. எட்டிப் பார்க்காமலே கையெழுத்து.” கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் ஆறு நாள் இருக்கு, பார்ப்போம்,” என்றாள்.

ஆறு நாளும் போயிற்று. பாட்டிலை மகளிடமே விட்டுவிட்டு, நல்ல தண்ணீர் பற்றி இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். வீடு வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. ஜாடி விளிம்பில் உப்பு தடித்திருந்தது. அதன்முன் கணக்கு வாத்தியாரைக் குனிய வைத்து ஓகே சார் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பகல்ல கல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கும் சார். உத்துப் பாருங்க. தெரியுதா?”

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “ஆமாமா, தெரியுது சார். ஒண்ணு, ரெண்டு... நாலு தெரியுது.”

கணக்கு வாத்தியார்! தையல்காரி பையைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினாள். அவள் இல்லாத பதினாலு நாளுக்கும் பதினாலு வரி. ஒன்றுகூடத் தவறவில்லை. பன்னிரண்டும் நலம். ஓகே. பன்னிரண்டும் நலம். ஓகே. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு அந்த நாற்காலியில் ஆள் இருந்தால்தானே!

வாத்தியார் மாடியேறியதும் சொன்னாள்: “அதுங்களுக்கு இருட்டுதாங்க பிடிக்குது. அதான் எப்பப் பார்த்தாலும் ஒளிஞ்சுக்குது. நடைக்குக் கொண்டு போய் வெச்சா சொகுசா இருக்கும்.”

“நானும் அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றார் உடனே. பாசிக்கு வெளிச்சம் வேண்டும் என்றதெல்லாம் அவருக்கு எங்கே ஞாபகம்? பத்து லிட்டர் ஜாடியை இரண்டு கையாலும் மார்போடு அணைத்து, தண்ணீர் தளும்பாமல் அடிமேல் அடி வைத்து அவரே தூக்கிக்கொண்டு போனார். வாழ்நாளில் அவர் அவ்வளவு பதனமாக எதையும் தூக்கி அவள் பார்த்ததில்லை.

அவள் மிஷினை இழுத்து ஜன்னலோரம் போட்டாள். தூசி தட்டினாள். கருநீலத் துணியை விரித்து, கருநீல நூலை எடுத்து ஊசியில் விட்டாள். முதல் தடவையிலேயே கோத்துக்கொண்டது.

நடையிலிருந்து அவர் குரல் வந்தது. “இந்தா, மிஷின் சத்தத்துல அதுங்க பயந்துக்கப் போகுது.”

“பயந்துக்காதுங்க. நீங்க நோட்டுல எழுதுங்க,” என்று சொல்லிவிட்டு மிதியை அழுத்தினாள்.